ரெண்டு நாட்டு அரசியலை ஒப்பிடணுமா? ஆட்சி கவிழ்ற நாள்ல இருந்து ஆரம்பிங்க

ஒப்பீட்டு அரசியல்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு டேபிள்தான் ஞாபகம் வரும், இடது பக்கம் பார்லிமென்ட் முறை வலது பக்கம் ஜனாதிபதி முறை, கீழ பத்து வித்தியாசம், அதை மனப்பாடம் பண்ணி பரீட்சைல கொட்டிட்டு வந்துடுவோம். மார்க் வரும், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த டேபிளை வெச்சுகிட்டு இன்னைக்கு பேப்பர்ல வர்ற ஒரு வெளிநாட்டு அரசியல் செய்தியைக்கூட புரிஞ்சுக்க முடியாது, ஏன்னா ஜெர்மனி, இந்தியா, ஸ்பெயின், இங்கிலாந்து எல்லாமே அதுல ஒரே பக்கம்தான் வரும், நடக்குறது என்னவோ நாலும் நாலு விதமா இருக்கும்.

நான் சொல்ற வழி சிம்பிள். ஒரு நாட்டோட ஆட்சி முறை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்னா அங்க ஒரு அரசு விழுந்த நாளை எடுங்க. யார் தள்ளினாங்க, எத்தனை ஓட்டுல தள்ளினாங்க, மறுநாள் காலைல யார் பொறுப்புல இருந்தாங்க, அடுத்து என்ன நடக்கணும்னு எங்க எழுதியிருந்துச்சு. எல்லாம் நல்லா போகும்போது எந்த கான்ஸ்டிட்யூஷனும் ஒரே மாதிரிதான் தெரியும், மெஜாரிட்டி போற அன்னைக்குத்தான் உள்ள இருக்குற மெஷின் கண்ணுக்குத் தெரியும்.

முதல்ல கேள்வியை முடிவு பண்ணுங்க, அப்புறம் நாட்டைத் தேடுங்க. நிறைய பேர் உல்டாவா பண்றாங்க, "இந்தியாவும் அமெரிக்காவும் ஒப்பிடுக"ன்னு ஆரம்பிச்சு எதை ஒப்பிடுறதுன்னு தெரியாம மக்கள்தொகைல இருந்து மாநிலங்கள் எண்ணிக்கை வரைக்கும் எழுதி வெச்சிருப்பாங்க. கேள்வி "ஏன்"ல இருக்கணும். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிற கேள்வி இது: 2024 டிசம்பர்ல பிரான்ஸ்லயும் ஜெர்மனிலயும் பன்னெண்டு நாள் இடைவெளில ரெண்டு அரசும் பார்லிமென்ட் ஓட்டெடுப்புல தோத்துச்சு, ரெண்டுலயும் சண்டை பட்ஜெட்டை வெச்சுத்தான், ஆனா ஜெர்மனி அஞ்சு மாசத்துல தேர்தல் முடிச்சு புது சான்சலரோட (அங்க பிரதமர் மாதிரி) செட்டில் ஆயிடுச்சு, பிரான்ஸ் அடுத்த வருஷமும் பிரதமரை மாத்திகிட்டே இருந்துச்சு, ஏன்?

இந்த ஜோடியை எதுக்கு எடுத்தேன்னா, பக்கத்து பக்கத்து நாடு, ரெண்டும் பணக்கார நாடு, ரெண்டும் ஐரோப்பிய யூனியன், ஒரே கரன்சி, ஒரே மாசம். இவ்வளவு விஷயம் ஒத்துப்போனா அதுங்களை எல்லாம் காரணப் பட்டியல்ல இருந்து அடிச்சிடலாம், மிச்சம் இருக்குற வித்தியாசத்துலதான் விடை இருக்கும். ஜோடி தேர்ந்தெடுக்குறதுல பாதி வேலை முடிஞ்சிடும்னு சொல்வேன். நார்வேயையும் இந்தியாவையும் போட்டு ஊழலை ஒப்பிடுறவங்களுக்கு இதுதான் பதில், அங்க எல்லாமே வேற, எதுனால எதுன்னு எப்படி சொல்வீங்க?

இப்ப ஓட்டெடுப்பு நாளை கிட்டப் போய் பாருங்க. இதைத்தான் பலரும் ஸ்கிப் பண்ணிடுவாங்க.

ஜெர்மனி. சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் மூணு கட்சி கூட்டணி நடத்திகிட்டு இருந்தார். 2024 நவம்பர் 6ஆம் தேதி நிதியமைச்சர் கிறிஸ்டியன் லிண்ட்னரை டிஸ்மிஸ் பண்ணார், பட்ஜெட்டுக்கு கடன் வாங்குறதுல வந்த தகராறு, லிண்ட்னரோட எஃப்டிபி கட்சி வெளிய போயிடுச்சு, மெஜாரிட்டி போச்சு. இப்ப நம்ம ஊர் மாதிரி யோசிச்சா எதிர்க்கட்சி உடனே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வரும். அங்க வரல. ஷோல்ஸே டிசம்பர் 16ஆம் தேதி நம்பிக்கை ஓட்டு கேட்டார், அதுவும் தோக்கணும்னே கேட்டார். ஏன்னா ஜெர்மன் சான்சலரால தானா பார்லிமென்டைக் கலைக்க முடியாது, நம்பிக்கை ஓட்டுல தோத்தா மட்டும்தான் கலைக்கச் சொல்லி ஜனாதிபதிகிட்ட கேக்கலாம், அவரு 21 நாளைக்குள்ள முடிவு எடுக்கணும். ஆதரவு 207, எதிர்ப்பு 394, ஒதுங்கினது 116. இந்த 116 யாருன்னு பாருங்க, பெரும்பாலும் கிரீன்ஸ் கட்சி, அரசுல அப்ப கூட உக்காந்திருந்த கட்சி! தப்பித்தவறி ஷோல்ஸ் ஜெயிச்சுடக்கூடாதுன்னு கூட்டணி ஆளுங்களே ஒதுங்குறாங்க. நம்பரை மட்டும் பாத்தா "படுதோல்வி"ன்னு எழுதுவோம், விதி தெரிஞ்சவங்களுக்கு அது பிளான் பண்ணின தோல்வி. டிசம்பர் 27 கலைப்பு, 2025 பிப்ரவரி 23 தேர்தல், மே 6 ஃப்ரெட்ரிக் மெர்ஸ் சான்சலர். அதுலயும் முதல் ரவுண்டுல 316 வேணும், 310தான் வந்துச்சு, ரகசிய ஓட்டு, சொந்தக் கூட்டணிலயே யாரோ காலை வாரிட்டாங்க, ரெண்டாவது ரவுண்டுல 325 வாங்கி தப்பிச்சார். அந்த மே 6 வரைக்கும் ஷோல்ஸ்தான் சீட்ல இருந்தார், ஒரு நாள்கூட நாற்காலி காலியா இல்ல.

அங்க எதிர்க்கட்சி ஏன் தீர்மானம் கொண்டு வரலன்னா, அடிப்படைச் சட்டம் (ஜெர்மனியோட கான்ஸ்டிட்யூஷன்) 67வது பிரிவு. சான்சலரை இறக்கணும்னா அதே ஓட்டுல அடுத்த சான்சலரையும் தேர்ந்தெடுக்கணும், மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல வேணும். குடியிருக்கிறவரை காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி அடுத்து வர்றவர் சாமானோட வாசல்ல நிக்கணும்ங்கற மாதிரி. புக்குல இதுக்கு ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம்னு பேரு. 1949ல இருந்து ரெண்டே ரெண்டு தடவைதான் இதை முயற்சி பண்ணியிருக்காங்க. 1972ல சான்சலர் வில்லி பிராண்டுக்கு எதிரா, 249 வேணும் 247 வந்து தோத்துச்சு, ரெண்டு ஓட்டு, பிற்பாடு கிழக்கு ஜெர்மனி உளவுத்துறை எம்பிக்கு காசு கொடுத்த கதை வெளிய வந்துச்சு, அது தனி பதிவு போடுற அளவுக்கு இருக்கு. 1982ல எஃப்டிபி அணி மாறி ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார். அவ்வளவுதான்.

இப்ப பிரான்ஸ். 2024 ஜூலைல நடந்த தேர்தல்ல இடதுசாரி, ஜனாதிபதி மக்ரோன் ஆளுங்க, தீவிர வலதுசாரி லெ பென் கட்சின்னு சபை மூணா உடைஞ்சுச்சு, யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. செப்டம்பர்ல மிஷேல் பார்னியே பிரதமர். டிசம்பர் 2ஆம் தேதி சமூகப் பாதுகாப்பு நிதி மசோதாவை 49வது பிரிவோட மூணாவது உட்பிரிவு வெச்சு ஓட்டெடுப்பே இல்லாம நிறைவேத்தப் பார்த்தார். அந்தப் பிரிவு ஒரு விசித்திரமான ஐட்டம்: பிரதமர் "இந்த மசோதாவுக்கு என் ஆட்சி பொறுப்பு"ன்னு அறிவிச்சுட்டா மசோதா பாஸ் ஆனதா எடுத்துக்கணும், பிடிக்கலைன்னா 24 மணி நேரத்துக்குள்ள கண்டனத் தீர்மானம் கொடுத்து ஆட்சியைக் கவுக்கணும். டிசம்பர் 4ஆம் தேதி கவுத்துட்டாங்க, 288 வேணும், 331 வந்துச்சு. இடதுசாரி கொண்டு வந்த தீர்மானத்துக்கு லெ பென் கட்சி ஓட்டு போட்டுச்சு. இந்த ரெண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு நாள்கூட ஆட்சி நடத்த முடியாது, ஆனா சேர்ந்து கவுக்க முடிஞ்சுது. 1962ல பொம்பிடூ அரசுக்கு அப்புறம் பிரான்ஸ்ல இப்படி ஒரு அரசு விழுந்தது அதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, தேர்தலும் வெக்க முடியாது, ஏன்னா 12வது பிரிவு படி ஒரு தடவை கலைச்சு தேர்தல் நடத்தினா ஒரு வருஷத்துக்கு மறுபடி கலைக்கக் கூடாது, மக்ரோன் அந்த சான்ஸை 2024 ஜூன்லயே யூஸ் பண்ணிட்டார். ஜனாதிபதியையும் அந்த ஓட்டு தொடாது, அவருக்கு 2027 வரைக்கும் பதவி. அப்ப மாறக்கூடியது நடுவுல இருக்குற பிரதமர் மட்டும்தான். பார்னியே போனார், ஃப்ரான்ஸ்வா பய்ரூ வந்தார், 2025 செப்டம்பர் 8ஆம் தேதி அவரே நம்பிக்கை ஓட்டு கேட்டு 194க்கு 364ன்னு தோத்தார், லெகோர்னு வந்தார், அக்டோபர் 6ஆம் தேதி ராஜினாமா பண்ணார், நாலு நாள்ல மறுபடி அவரையே போட்டாங்க. பய்ரூ தோத்தப்ப ஒரு வருஷத் தடை முடிஞ்சிருந்துச்சு, கலைச்சிருக்கலாம், மக்ரோன் கலைக்கல. இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, விதி அனுமதிக்குறதும் ஆளு செய்யுறதும் ஒண்ணு இல்ல, கீழ மறுபடி வருது.

சரி, இப்ப பேப்பர்ல ரெண்டு நாட்டுக்கும் ஒரே அஞ்சு கேள்வியைப் போட்டு பதில் எழுதுங்க: தலைவரை யார் நியமிக்கிறாங்க, யார் இறக்கலாம், இறக்க எத்தனை ஓட்டு, சபையை யார் எப்ப கலைக்கலாம், இறக்கினதும் நாற்காலில யாரு. வேற எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நீதிமன்றம், கூட்டாட்சி எல்லாம் சேர்க்கணும்னு கை துறுதுறுக்கும், விடுங்க, உங்க கேள்விக்கு தேவைப்பட்டா அப்ப சேர்க்கலாம்.

அடுத்தது, இந்த விதி எங்க இருந்து வந்துச்சுன்னு பின்னாடி போங்க. ஜெர்மனிக்காரன் சும்மா உக்காந்து 67வது பிரிவை யோசிக்கல. 1932 ஜூலை தேர்தல்ல நாஜிக்கு 230 சீட், கம்யூனிஸ்டுக்கு 89 சீட், 608 பேர் சபைல ரெண்டும் சேர்ந்தா மெஜாரிட்டி, ஆனா ரெண்டும் பரம எதிரி. செப்டம்பர்ல சான்சலர் பாப்பன் அரசுக்கு எதிரா 512க்கு 42ன்னு ஓட்டு விழுந்துச்சு. கவுக்க மட்டும் ஆள் இருந்து ஆள ஆள் இல்லாத சபை எங்க கொண்டு போய் விடும்னு பார்த்தவங்க 1949ல பேனா எடுத்தாங்க. பிரான்ஸுக்கும் அதே தொல்லை இருந்துச்சு, நாலாவது குடியரசுல 1946ல இருந்து 1958க்குள்ள இருபதுக்கு மேல அரசு. ஆனா 1958ல புது அரசியலமைப்பு கொண்டு வந்த டி கோல் எடுத்த வழி வேற, பார்லிமென்டுக்கு மேல அது தொட முடியாத ஒரு ஜனாதிபதியை உக்கார வெச்சார், 1962 வாக்கெடுப்புல இருந்து அவரை மக்களே நேரடியா தேர்ந்தெடுக்கிறாங்க. கவுக்குற கூட்டத்துக்கிட்ட "அடுத்த ஆள் யாரு"ன்னு கேக்கணும்னு ஜெர்மனி எழுதிச்சு, பிரான்ஸ் அதைக் கேக்கவே இல்ல, ஜனாதிபதி ஸ்ட்ராங்கா இருந்தா சபையும் அவர் பின்னாடி வந்துடும்னு நம்புச்சு. அறுபது வருஷத்துக்கு பெரும்பாலும் வந்துச்சு. 2022ல இருந்து வரல. என் கணிப்புல 2024 டிசம்பரோட விடை இங்கதான் இருக்கு.

ஓட்டை எப்படி எண்ணுறாங்கன்னு ஒரு தடவை செக் பண்ணுங்க, இதை யாரும் பாக்குறது இல்ல. 1999 ஏப்ரல் 17, அதிமுக ஆதரவை வாபஸ் வாங்கினதுக்கு அப்புறம் வாஜ்பாய் நம்பிக்கை கோரின தீர்மானம், ஆதரவு 269, எதிர்ப்பு 270, ஒரே ஓட்டு. கிரிதர் கமாங் ஒடிசா முதல்வர் ஆனதுக்கு அப்புறமும் எம்பி பதவியை விடாம டெல்லி வந்து ஓட்டு போட்டதை நம்ம ஊர்ல இன்னும் பேசுறாங்க. இப்ப இதை எதிர்க்கட்சி கொண்டு வந்த கண்டனத் தீர்மானமா நினைச்சு பிரெஞ்சு விதில போட்டுப் பாருங்க. அங்க கண்டனத் தீர்மானத்துக்கு ஆதரவு ஓட்டை மட்டும்தான் எண்ணுவாங்க, அது மொத்த உறுப்பினர்ல பாதியைத் தாண்டணும். அன்னைக்கு ஓட்டு போட்டது 539 பேர், சபாநாயகரைச் சேர்த்தாலே 540, அப்ப குறைஞ்சது 271 வேணும். எதிர்ப்பு 270. ஆட்சி தப்பிச்சிருக்கும். இங்கிலாந்துல 1979 மார்ச் 28ஆம் தேதி பிரதமர் கேலகன் அரசு 311க்கு 310ன்னு விழுந்துச்சே, அதுவும் அப்படித்தான், 635 பேர் சபைல 311 பாதிகூட கிடையாது. ஜெர்மன் விதில இன்னும் கஷ்டம், 1999ல எதிர்த்தரப்புக்கு ஒரு பொது பிரதமர் வேட்பாளரே கடைசி வரை அமையல, அதனாலதானே ஏப்ரல் 26ஆம் தேதி மக்களவை கலைஞ்சுச்சு. இந்த மாதிரி "அந்த விதி இங்க இருந்திருந்தா"ன்னு போட்டுப் பாக்குறது நல்ல பயிற்சி, ஆனா ஒரு எச்சரிக்கை, விதி வேறயா இருந்திருந்தா கட்சிகளும் வேற மாதிரி காய் நகர்த்தியிருக்கும், அதனால இதை நிரூபணம்னு எழுதாதீங்க.

இப்பதான் முக்கியமான கட்டம், நீங்க கண்டுபிடிச்ச விடையை நீங்களே உடைக்கப் பாருங்க. விழுந்த அரசை மட்டும் பாத்தா எல்லாத்துக்கும் விதிதான் காரணம்னு தோணும். விழாததையும் பாருங்க. 2023 மார்ச் 20, அதே பிரான்ஸ், அதே உட்பிரிவு, பென்ஷன் வயசு 62ல இருந்து 64, எலிசபெத் போர்ன் அரசு, 287 வேணும் 278 வந்துச்சு, ஒன்பது ஓட்டுல தப்பிச்சுது. விதி ஒண்ணுதான், சபைல கட்சி கணக்கு வேற. அப்ப விதி மட்டும் காரணம் இல்ல, விதியும் கட்சிகளோட எண்ணிக்கையும் சேர்ந்துதான்.

இன்னொரு டெஸ்ட் ஸ்பெயின். அங்கேயும் ஜெர்மனி மாதிரியே அடுத்த ஆளோட வரணும்ங்கற விதி இருக்கு. 2018 ஜூன் 1ஆம் தேதி 180க்கு 169ன்னு பிரதமர் ரஹோய் போய் சாஞ்சஸ் வந்தார், விதி இருந்தும் ஆட்சி மாறுச்சு, நாற்காலி மட்டும் காலியாகல. ஆனா அதே ஸ்பெயின்ல 2015 தேர்தலுக்கு அப்புறம் ஆட்சி அமைக்கவே முடியாம 2016ல மறுபடி தேர்தல், 2019ல ஏப்ரல் ஒண்ணு நவம்பர் ஒண்ணுன்னு ரெண்டு தேர்தல். ஸோ அந்த விதி இருக்குற அரசைத்தான் காப்பாத்தும், புதுசா அரசு அமைக்க உதவாது. பாத்தீங்களா, ஒரு நாடு சேர்த்ததும் "ஜெர்மன் விதி நிலைத்தன்மை தரும்"ங்கற பெரிய வாக்கியம் எவ்வளவு சுருங்கிடுச்சுன்னு. சுருங்கினா நல்லது.

பேப்பர்ல ஒரே மாதிரி இருந்து நடைமுறைல வேறயா போறதுக்கு நமக்கு பக்கத்துலயே உதாரணம் இலங்கை. 1978 அரசியலமைப்பு, நிறைவேற்று ஜனாதிபதி, கூடவே பார்லிமென்டுக்கு பதில் சொல்ற பிரதமர், மேலோட்டமா பாத்தா பிரான்ஸ் மாதிரியேதான். ஜனாதிபதி ஒரு கட்சி, பிரதமர் எதிர்க்கட்சின்னு வந்தா என்ன ஆகும்? பிரான்ஸ்ல 1986ல வந்துச்சு, மித்தரான் ஜனாதிபதி, ஷிராக் பிரதமர். மித்தரான் தனியார்மய அவசரச் சட்டங்கள்ல கையெழுத்து போட மாட்டேன்னார், ஷிராக் அதையே சாதாரண மசோதாவா கொண்டு வந்து பாஸ் பண்ணிகிட்டார், முறைச்சுகிட்டே ரெண்டு வருஷம் ஓட்டினாங்க. இலங்கைல 2001 டிசம்பர்ல வந்துச்சு, சந்திரிகா ஜனாதிபதி, ரணில் பிரதமர். 2003 நவம்பர்ல ரணில் வாஷிங்டன்ல இருக்கும்போது பாதுகாப்பு, உள்துறை, ஊடகம்னு மூணு அமைச்சையும் சந்திரிகா எடுத்துகிட்டார், 2004 பிப்ரவரில பார்லிமென்டையே கலைச்சுட்டார். கலைக்குற அதிகாரம் மித்தரான்கிட்டயும் இருந்துச்சு, அவரு தொடல. அப்ப வித்தியாசம் கலைக்குற பிரிவுல மட்டும் இல்ல. யுத்தமும் பேச்சுவார்த்தையும் நடக்குற நாட்டுல பாதுகாப்பு அமைச்சு யார் கைல இருக்குங்கறது பாரிஸ்ல இருக்குற மாதிரி ஒரு சாதாரண இலாகா சண்டை கிடையாது.

2018ஐயும் சேர்த்துப் பாருங்க, இது இன்னும் சுவாரஸ்யம். அக்டோபர் 26ஆம் தேதி ஜனாதிபதி மைத்திரி பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் போட்டார், நவம்பர் 9ஆம் தேதி பார்லிமென்டைக் கலைச்சார். ஆனா நடுவுல 2015ல 19ஆம் திருத்தம் வந்திருந்துச்சு, நாலரை வருஷம் முடியுறதுக்கு முன்னாடி கலைக்கணும்னா பார்லிமென்டே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோட கேக்கணும். டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளும் ஒருமனதா கலைச்சது செல்லாதுன்னுட்டாங்க, 16ஆம் தேதி ரணில் மறுபடி பிரதமர். ஒரே நாடு, கிட்டத்தட்ட அதே சண்டை, 2004ல கலைஞ்சுச்சு 2018ல கலையல, நடுவுல மாறின பெரிய விஷயம் அந்தத் திருத்தம். ரெண்டு நாட்டை ஒப்பிடுறதைவிட ஒரே நாட்டோட ரெண்டு காலத்தை ஒப்பிடுறது சில சமயம் இன்னும் தெளிவான விடை தரும், மொழி, மதம், பொருளாதாரம்னு எதையும் தனியா கழிக்க வேண்டியதே இல்ல.

எம்பி கட்சி மாறி ஓட்டு போட்டா என்ன தண்டனைன்னும் ஒரு வரி எழுதி வெச்சுக்கோங்க. இந்தியால 1985ல இருந்து பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை மீறினா பதவியே போகலாம். இங்கிலாந்துல 2019 செப்டம்பர்ல பிரதமர் போரிஸ் ஜான்சன் எதிர்த்து ஓட்டு போட்ட சொந்த எம்பி 21 பேரையும், 2024 ஜூலைல பிரதமர் ஸ்டார்மர் 7 பேரையும் பார்லிமென்ட் கட்சில இருந்து ஒதுக்கினாங்க, ஆனா எல்லாரும் எம்பியாவே இருந்தாங்க. அதனாலதான் அங்க ஆளுங்கட்சி எம்பிக்கள் சொந்தப் பிரதமரையே ஓரங்கட்ட முடியுது, 1990ல தாட்சர், 2022ல ஜான்சன், அதே வருஷம் லிஸ் டிரஸ், மூணு பேருமே சபை ஓட்டெடுப்புல தோக்கல, கட்சிக்குள்ள தோத்தாங்க. "அங்க பிரதமர் மானஸ்தன், ராஜினாமா பண்றான்"னு எழுதுறவங்க இந்த வரியைப் பாத்துட்டு எழுதலாம்.

அமெரிக்காவை இந்த டேபிள்ல போட்டா "இறக்க எத்தனை ஓட்டு"ங்கற கட்டத்துல செனட்ல மூன்றில் இரண்டு பங்குன்னு வரும், இதுவரைக்கும் ஒரு ஜனாதிபதியும் அப்படி நீக்கப்படல. பட்ஜெட் பாஸ் ஆகலன்னா ஆள் விழ மாட்டார், அரசு ஆபீஸ்தான் மூடும், 2018 கடைசில 35 நாள், 2025ல 43 நாள். பார்னியேக்கு வேலை போன அதே மாதிரி சிக்கல் அங்க ஊழியர் சம்பளத்துல போய் முட்டுது.

மெட்டீரியல் எங்க எடுக்குறதுன்னா, கான்ஸ்டிட்யூட்னு ஒரு சைட்ல உலகத்துல இருக்குற கான்ஸ்டிட்யூஷன் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, ரெண்டு நாட்டை பக்கம் பக்கமா வெச்சுப் பாக்கலாம். இலங்கை அரசியலமைப்பு தமிழ்லயே பார்லிமென்ட் சைட்ல கிடைக்கும், ஆனா எந்தத் திருத்தம் வரைக்கும் சேர்த்த பதிப்புன்னு முதல் பக்கத்துல பாருங்க, 19, 20, 21ன்னு மாறி மாறி வந்ததால பழைய பதிப்பை எடுத்தா பதிலே தலைகீழா போயிடும். ஓட்டு எண்ணிக்கைக்கு நியூஸ் சைட்டை நம்பாம அந்தந்த பார்லிமென்டோட நடவடிக்கைக் குறிப்பைப் பாருங்க, ஒதுங்கினவங்க எண்ணிக்கையை நியூஸ்ல பெரும்பாலும் விட்டுடுவாங்க. விக்கிப்பீடியால ஆரம்பிக்கலாம், தப்பில்ல, அங்கயே முடிக்காதீங்க. எழுதும்போது ஒவ்வொரு பாராவுலயும் ரெண்டு நாடும் வரணும், முதல் மூணு பக்கம் பிரான்ஸ், அடுத்த மூணு பக்கம் ஜெர்மனின்னு எழுதினா அது ரெண்டு தனித்தனி கட்டுரை, ஒப்பிடுற வேலையை படிக்கிறவன் தலைல கட்டிட்டீங்கன்னு அர்த்தம். அஞ்சு கேள்வி இருக்குல்ல, கேள்விக்கு ஒரு பாரா, அதுக்குள்ள ரெண்டு நாடு, கடைசில ஸ்பெயின் மாதிரி ஒத்துப்போகாத ஒரு கேஸ், அது போதும்.